உள் வரிசைக் கொக்கி

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டேப்பு. இஞ்ச் டேப்பைக் கையாலும் தொடாதவளுக்கு அந்தப் பெயர். மற்றக் கடைகளில் உள்ளாடைப் பக்கம் போனால் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி ஒருத்தி வருவாள், கையைத் தூக்குங்க, மூச்சை விடுங்க என்பாள். எங்கள் கடையில் அதெல்லாம் கிடையாது. படியேறி வருகிற பெண்ணை டேப்பு ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குள் அவள் கை பின்னால் போய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவியிருக்கும். "முப்பத்தாறு, சி கப். போட்டுப் பாருங்க. சரியில்லன்னா என்னத் திட்டிட்டுப் போங்க" என்பாள். பத்தில் ஒன்பது பேர் திட்டாமல்தான் போனார்கள். பத்தாவது ஆள் என்னிடம் வந்தாள்.

நான் அந்தக் கடையின் தையல்காரி. துணி மாற்றிப் பார்க்கிற அறைக்குப் பக்கத்தில் என் மெஷின். நடுவில் ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் யார் மூச்சைப் பிடிக்கிறார்கள், யாருக்குக் கொக்கி எட்டவில்லை என்பதெல்லாம் பார்க்காமலே எனக்குத் தெரியும். டேப்பின் கண் தப்புகிறபோது தோள்பட்டையைக் குறைப்பது, பின்பட்டையை நீட்டுவது எல்லாம் என் தலையில் விழும். "உன் கண்ணு பண்ற தப்புக்கு என் கைதான் தண்டம் கட்டுது" என்பேன். "உன் வாய்க்கு நான் தண்டம் கட்டலையா?" என்பாள். பதினாறு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. பதினாறு வருஷமாக ஒரே டப்பாவில்தான் சாப்பிடுகிறோம்.

பத்தொன்பது வயதில் அவள் இந்தக் கடைக்கு வந்தபோது படுக்கை விரிப்புப் பிரிவில் போட்டார்களாம். அப்போது உள்ளாடைக் கவுண்டரில் நின்றது இரண்டு ஆண்கள். பெண்கள் வருவார்கள், கண்ணை நிமிர்த்தாமல் ஏதோ ஒரு பெட்டியை விரலால் காட்டுவார்கள், பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அதையெல்லாம் விரிப்பு மடித்துக்கொண்டே பார்த்தவள், ஒருநாள் நேராக மேனேஜரிடம் போய் நின்றாளாம். "சார், வர்ற பொம்பளைங்க பாதிப்பேரு தப்பான சைஸ வாங்கிட்டுப் போறாங்க. வலிச்சாலும் திருப்பிக் குடுக்க வெக்கப்படுவாங்க. என்ன அங்க விடுங்க." மேனேஜர் சிரித்திருக்கிறார். அடுத்த வாரமே விட்டுவிட்டார். அவர் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பேன்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கிற மனுஷன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மூன்று முறை தரித்தது, மூன்றும் தங்கவில்லை. முதல் இரண்டும் வந்த சேதி தெரிவதற்குள்ளேயே போய்விட்டன. மூன்றாவது அப்படி இல்லை. நாலாம் மாதத்திலேயே கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிய வைத்தது யார்? நான்தான். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. மேனேஜர் ஸ்டூல் கொடுத்தார். வாடிக்கையாகக் கடைக்கு வருகிறவர்கள் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டாம் வாரத்தில், தன் கவுண்டரிலிருந்தே கர்ப்ப காலத்துக்கான பிரா ஒன்றை ஆசையாக எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் கொடுமை. ஆறு மாதம், ஏழு மாதம் வரைக்கும் யாராவது ஒருத்தி வந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "என்ன குழந்த பொறந்துச்சு அக்கா?" "இல்லைங்க." "என்ன, இன்னும் பொறக்கலையா?" "இல்லைங்க, தங்கல." அதைச் சொல்லும்போது பெட்டியைத் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் மெஷினை வேகமாக ஓட்டி அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொள்வேன். ஊர் முழுக்கச் சொன்னவள் நான், ஒவ்வொருவரிடமும் இல்லையென்று சொல்ல வேண்டி வந்தது அவளுக்கு.

அது நடந்து மூன்று வருஷம். இந்த வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் ஒரு பிராவை என் மெஷின் மேல் போட்டாள். "ஒரு கஸ்டமரோடது. பின்பட்டையில கூடுதல் கொக்கி வெச்சு நீட்டணுமாம்." பார்த்தால் பழைய உருப்படி, துவைத்துத் துவைத்துச் சாயம் போனது. உள்ளே வயர் வைத்த கப். பட்டையை மட்டும் நீட்டினால் கப் பெரிதாகாது, வயர் சதையின் மேல் ஏறி உட்காரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தைத்தேன். ஏன் தெரியுமா? டேப்பின் கண் இன்னொரு முறை தோற்றுவிட்டது என்கிற அற்ப சந்தோஷம். அதைச் சொல்லிக் காட்டுவதற்காகவே தைத்தேன்.

மூன்று வாரத்தில் அதே பிரா திரும்பி வந்தது. "இன்னும் கொஞ்சம் நீட்டணுமாம்." இந்தத் தடவை தோள்பட்டையைப் புரட்டிப் பார்த்தேன். நீல நூலில் ஒரு பழைய தையல். என் தையல். போன வருஷம் டேப்பின் சொந்தப் பிராவில் பட்டை அறுந்தபோது கையில் வேறு நூல் இல்லாமல் நான் போட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. மதியம் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தேன்.

"ஊருக்கெல்லாம் அளவு சொல்றவளுக்குத் தன் அளவு தெரியல பாத்தீங்களா? நல்லா சதை போட்டுட்டா. கண்ணு மங்கிப்போச்சு இவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தேவைக்கு மேலேயே சிரித்தாள். நான் அதையும் கவனிக்கவில்லை.

மறு வாரம் ஸ்டாக் ரூமில் பெட்டி எடுக்கப் போனவள் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் சுண்ணாம்பு. மூச்சு பாதியிலேயே நிற்கிறது. "கொக்கிய அவுத்து விடுடி" என்றாள். கடை கொடுத்த நீல மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றி, கையை உள்ளே விட்டுக் கொக்கியை எடுத்துவிட்டேன். மார்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வயர் பதிந்து சிவந்த கோடு. அதற்குக் கீழே என் பார்வை போனது. வயிறு. சதை போட்ட வயிறும் பிள்ளை சுமக்கிற வயிறும் எனக்கு வித்தியாசம் தெரியும், நானும் இரண்டு பெற்றவள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எத்தன மாசம்?"

"நாலு முடியுது. யார்கிட்டயும் மூச்சு விடாத. போன தடவ மாதிரி பண்ணிடாத."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசறதில்ல. பேசினாப் போயிடுமோன்னு பயம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "அதுக்கு இந்த இரும்புக் கம்பிய மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிச் சாவியா? பத்தடி தள்ளி ஒரு அலமாரி முழுக்க மெத்து மெத்துன்னு அடுக்கி வெச்சிருக்க. வயர் இல்லாதது, பருத்தித் துணி, அகலப் பட்டை. வர்றவங்களுக்கெல்லாம் வாய் கிழியச் சொல்றயே, ஒண்ண எடுத்து மாட்டிக்க வேண்டியதுதானே?"

"போன தடவ வாங்கினேன்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் வாதாடினேன். சம்பந்தமில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தால் மட்டும் கை போய்விடுமா அந்த அலமாரிக்கு? கடைசியில், "இந்த வயர மட்டும் உருவிக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

உருவிக் கொடுத்தேன். பதினாறு வருஷத்தில் நான் செய்த தப்பிலெல்லாம் பெரிய தப்பு அதுதான். ஒரு குட்டிக் கத்தரியால் உறையின் ஓரத்தைப் பிரித்து வயரை இழுத்துவிட்டு, திறந்த வாயை மடித்துத் தைத்தேன். பருத்தி நூலில் போட்டால் எலாஸ்டிக் இழுப்புக்கு அறுந்துவிடும் என்று நைலான் நூலில் போட்டேன். நன்றாகத் தாங்கட்டும் என்று மூன்று முடிச்சு. கடை விற்பனைக்கு என்றால் சரியான வேலை. ஆனால் நாளுக்கு நாள் வீங்குகிற, தொட்டாலே கூசுகிற உடம்புக்கு அந்த முடிச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணியைப் பார்த்துத் தைத்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

அவளும் சொல்லவில்லை. உறுத்துகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் அந்த அலமாரிக்கு இழுத்துக்கொண்டு போவேன் என்று பயந்திருப்பாள். எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே துவைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் காலையில் கவுண்டரில் நின்றவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எடுத்த பெட்டியைக் கீழே போட்டாள். என் பையன் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டான், அவளைத் துணைக்குக் கூட்டிப் போகிறேன் என்று மேனேஜரிடம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "போயிடுச்சுடி. இதுவும் போயிடுச்சு." ஆறுதல் சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அழுதால் அவள் முடிந்ததென்றே நினைத்துக்கொள்வாள் என்று ஆட்டோக்காரரைத் திட்டினேன். பாவம், அவர் சரியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வயதில் எங்களைவிடச் சின்னவர். காய்ச்சலைப் பார்த்தார், மேலங்கியைக் கழற்றச் சொன்னார். இடது மார்புக்குக் கீழே கையளவுக்குச் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. நடுவில் தோல் கிழிந்து சீழ் கோத்த ஒரு புண். எந்த இடம் என்று நினைக்கிறீர்கள்? என் முடிச்சு இருந்த இடம். அச்சு எடுத்த மாதிரி அதே இடம்.

"இது என்னம்மா, எதோ குத்தி உரசியிருக்கே?" என்றார் டாக்டரம்மா.

"நான் தைச்சது டாக்டர்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் புண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. "குழந்த இருக்கா பாருங்க" என்றாள். நர்ஸ் வயிற்றில் ஏதோ குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். கரகரவென்று சத்தம். இன்னும் நகர்த்தினார். மறுபடி கரகர. நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் பத்துத் தடவை படித்திருப்பேன். அப்புறம் கேட்டது. அவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்று இரண்டு பெற்ற எனக்கே மறந்துபோயிருந்தது. டேப்பு கண்ணைத் திறக்கவே இல்லை.

"இருக்கு. நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "காய்ச்சல் புண்ணால வந்தது. மாத்திரை தர்றேன், இந்த மாசத்துக்கு ஒத்துக்கற மருந்துதான். ரெண்டு நாளுல இறங்கலன்னா உடனே வாங்க. ஆனா இத இனிமே போடக் கூடாது. வயர், முடிச்சு, இறுக்கம் எதுவும் ஆகாது. மெத்துன்னு, அளவா, தாங்கற மாதிரி ஒண்ணு வாங்குங்க. எங்க கிடைக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேப்பு சிரிக்கவில்லை. "டாக்டர், போன தடவ வாங்கின மூணாம் நாளே போயிடுச்சு" என்றாள். டாக்டரம்மா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. அது ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இது தங்கும்னு சத்தியம் பண்ணவும் முடியாது. இப்ப இருக்கு. இருக்கறதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க" என்றார்.

நாலு நாள் லீவு போட்டுவிட்டு, காய்ச்சல் விட்ட பிறகு வந்தாள். மேலங்கிக்குள் புருஷனுடைய பழைய பனியன். மதியம் கூட்டம் ஓய்ந்த நேரம். "வா" என்று நான் என் டேப்பை எடுத்தேன். பதினெட்டு வாரமாகத் தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்காதவள், கண்ணால் என்ன அளவு சொல்லிக்கொள்வாள்? திரைக்குப் பின்னால் கையைத் தூக்கி நின்றாள். புண் கட்டின் மேல் படாமல் அளந்தேன். அளவைச் சொன்னேன். அலமாரியிலிருந்து அவளே ஒன்றை எடுத்துவந்து போட்டுக்கொண்டாள். வயர் இல்லை, உள்பக்கம் தையல் இல்லாத பருத்தி, தோளில் அகலப் பட்டை, பின்னால் நாலு வரிசைக் கொக்கி. எல்லாம் சரி. ஆனால் நாலாவது வரிசையில், வெளி ஓரத்தில் மாட்டியிருந்தாள்.

கர்ப்பிணிகளுக்கு அவள் சொல்கிறதைத் திரை வழியாக ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் வாங்கும்போது வெளி வரிசையில் சரியாக இருக்க வேண்டும், எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே போகலாம். கர்ப்பிணிக்கு அது தலைகீழ். வாங்கும்போது உள் வரிசையில் சரியாக இருக்க வேண்டும். விலா விரியும், மார்பு கனக்கும், மாதம் ஏற ஏற வெளியே வர இடம் வேண்டும்.

"ஏன்டி ஒரு சைஸ் சின்னதா எடுத்த?"

"இன்னிக்குச் சரியா இருக்குல்ல."

"அடுத்த மாசத்துக்கு?"

"அடுத்த மாசம் வரட்டும், பாத்துக்கலாம்."

எனக்குப் புரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் என் முடிச்சுப் புண் அவள் உடம்பில் ஆறாமல் இருக்கும்போது எந்த வாயால் கத்துவேன்? அதற்குள் வெளியே ஆள் வந்த சத்தம். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

வந்தது சின்னப் பெண், அஞ்சு மாதம் இருக்கும். புருஷன் வாசலிலேயே நின்றுகொண்டான். டேப்பு ஒரு பார்வை பார்த்தாள், ஒரு பெட்டியை உருவினாள். "உள் வரிசையில மாட்டிப் பாருங்கம்மா. மூணு வரிசை காலியா இருக்கணும். இன்னும் நாலு மாசம் இருக்கு, இடம் வேணும்."

அந்தப் பெண் துணியைத் தடவிப் பார்த்தாள். ரொம்ப வெகுளி. "உறுத்தாதுல்ல அக்கா? உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா? நீங்க அப்ப எது போட்டீங்க?"

என் கால் மெஷினை மிதிக்கத் தயாராகிவிட்டது, பழைய வழக்கம். ஆனால் மிதிக்கவில்லை. டேப்பு அலமாரிப் பக்கம் பாதி திரும்பினாள். அப்படியே நின்றாள்.

"எனக்கும் இப்ப அஞ்சாம் மாசம்தான்" என்றாள். "முன்னாடி மூணு தங்கல. இது இருக்கு."

துண்டுப் பிரிவில் இருந்தவள் மடிப்பதை நிறுத்தினாள். மேனேஜர் தலையைத் தூக்கினார். நான் மெஷினிலிருந்து எழுந்து எல்லோரையும் முறைத்தேன், எவளாவது வாயைத் திறந்தால் ஊசியால் தைத்துவிடுவேன் என்கிற மாதிரி. அந்தச் சின்னப் பெண் மட்டும், "அப்ப நீங்களும் இதான் போட்டிருக்கீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றாள் டேப்பு. "நீங்க போங்க, நான் போட்டுக்கறேன்."

பெண் போனதும் ஒரு சைஸ் பெரியதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். உள் வரிசை எட்டவில்லை என்றாள். நான் போய் மாட்டிவிட்டேன். "பயமா இருக்குடி" என்றாள். "எனக்கும்தான்" என்றேன். அவள் அழுது முடிக்கிறவரை திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த புருஷன், கடை வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "எத்தன வாரம்னு சொன்னாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததாக எனக்குத் தெரியாது. இருபது, இருபத்தொன்று என்று வாரத்தை எண்ணினாள். இருபத்திரண்டாம் வாரத்தில் யாரோடும் பேசவில்லை. டப்பாவைத் திறக்கவில்லை. மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் வேலை ஓடாமல் ஒரே கால்சட்டையை இரண்டு தடவை மடித்துத் தைத்தேன்.

நேற்று இருபத்தி நாலாம் வாரம். காலையில் கடை திறந்த கையோடு என் மெஷின் பக்கம் வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. "என்னடி?" என்றேன்.

"இறுக்குதுடி" என்றாள். "உள் வரிசை இறுக்குது. வந்து அடுத்த வரிசைக்கு மாத்தி விடு."